பேட்ச் நிரப்ப வந்தவர்கள்

எந்த ஊர் நகராட்சி என்று சொல்லமாட்டேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மூன்று பக்கமும் பேர் பெற்ற ஊர்கள் இருக்க, நடுவில் பேர் பெறாத ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாடியில், பிறப்புச் சான்றிதழுக்கு நிற்கும் வரிசையைத் தாண்டினால், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு அறை இருக்கும். அதில்தான் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். சேர்ந்தபோது சமுதாய அமைப்பாளர் என்று பேர். இப்போது திட்ட மேலாளர். பேர் மாறியதே தவிர, ஒப்பந்த ஊழியர் என்பது மாறவில்லை. ஊருக்கெல்லாம் வேலை வாங்கித் தருகிறவளின் வேலை வருஷா வருஷம் ஏப்ரலில் ஒரு கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு நிற்கும். இதைச் சொல்லி என் வீட்டுக்காரர் சிரிக்காத வருஷம் கிடையாது.

வேலை இதுதான். வேலையில்லாத பெண்களையும் பையன்களையும் தேடிப் பிடித்து, அரசு செலவில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து எங்காவது ஒரு கம்பெனியில் உட்கார வைப்பது. கேட்க எளிதாக இருக்கும். தேடிப் பிடிப்பதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போயிருக்கிறேன். ஒரு தெருவில் கால் மணி நேரம் தொண்டை வறளப் பேசி முடித்ததும் ஒரு அம்மா குடத்தோடு வந்து, தண்ணி லாரி எப்போது வரும் என்று கேட்டார். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் எனக்கு மனப்பாடம். சர்டிபிகேட் உண்டா, மதியச் சாப்பாடு உண்டா, எந்த பஸ். பெண்ணின் அப்பாவாக இருந்தால் ஒரே கேள்விதான்: எத்தனை மணிக்கு வீட்டுக்குத் திரும்புவாள்.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குறைவு என்று என்னைப் பற்றி அலுவலகத்தில் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காலை ரயிலுக்கு ஓடுகிற ஒரு பெண்ணைத் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் பார்த்து, இவள் நம் பேட்ச் என்று அடையாளம் கண்டுகொள்ளும்போது வருகிற சந்தோஷம் வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை.

ஒரு பேட்சுக்கு முப்பது பேர் வேண்டும். இருபத்தெட்டு பேர் இருந்தால் ஆரம்பிக்க முடியாது. அரசு போர்ட்டலில் வகுப்பே திறக்காது. ஷேர் ஆட்டோக்காரர் இன்னும் ரெண்டு பேர் வரட்டும் என்று வண்டியை நிறுத்தி வைத்திருந்தால், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் பொறுமை இழந்து ஒவ்வொருவராக இறங்கிப் போவார்கள் அல்லவா, அதுதான் இங்கேயும் நடக்கும். ஒரு வாரம் தாமதமானால் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிடும், இன்னொருத்தி துணிக்கடையில் சேர்ந்துவிடுவாள். இருபத்தெட்டு இருபதாகிவிடும்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வழக்கம் என்றுதான் சொல்லிக்கொள்வோம், தப்பு என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. குறைகிற இடத்துக்கு மகளிர் குழுக்களிலிருந்து இரண்டு மூன்று பேரின் ஆதாரைக் கேட்டு வாங்குவோம். பேட்ச் நிரப்புவது என்று அதற்குப் பேர். நிரப்ப வருகிறவள் வகுப்பில் உட்கார வேண்டாம். காலையில் தன் வேலைக்குப் போகிற வழியில் வந்து வருகைப்பதிவு மெஷினில் விரல் வைக்க வேண்டும், சாயங்காலம் திரும்புகிற வழியில் இன்னொரு தடவை வைக்க வேண்டும். அவள் புண்ணியத்தில் மற்ற இருபத்தெட்டு பேரின் படிப்பு நடக்கும்.

ஆனால் படிப்பு முடிந்தால் மட்டும் போதாது. எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று காட்டினால்தான் அடுத்த வருஷம் எங்களுக்கு பேட்ச் ஒதுக்குவார்கள். விரல் மட்டும் வைத்தவர்களும் பட்டியலில் இருப்பதால் அவர்களுக்கும் ஒரு வேலை காட்டியாக வேண்டும். எங்கேயாவது சொல்லி ஒரு பணி நியமனக் கடிதம் வாங்கிவிடுவோம். ஒவ்வொருவருக்கும் நான் போன் செய்து, வேலைக்குப் போகிறாயா என்று விசாரித்து, 'தொலைபேசியில் உறுதி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. படித்தவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். நிரப்ப வந்தவர்களுக்குச் செய்ததில்லை. செய்து என்ன கேட்பது? கையெழுத்தை மட்டும் போட்டேன். மார்ச் மாதத்தில் என் கை எதில் கையெழுத்துப் போடுகிறது என்று என் கண்ணுக்கே தெரியாது என்று வேடிக்கையாகச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

இதை எழுதவைத்தவளும் அப்படி நிரப்ப வந்தவள்தான். அவளிடம் நான் ஆதார் கேட்டது மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு டிசம்பரில். அழகுக்கலைப் பயிற்சிக்கு ஆள் குறைந்தது. அவள் குடியிருந்தது ரயில்வே லைனை ஒட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில். வாசலிலேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன், அதாவது பாதி விஷயத்தை. ரெண்டு பேர் குறையுது, உன் ஆதாரைக் குடு, காலையும் சாயங்காலமும் வந்து விரல் வச்சிட்டுப் போ என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த ஆதாரை எடுத்துவந்து கொடுத்தாள்.

மூன்று மாதமும் ஒரு நாள் தவறாமல் வந்தாள். மழை கொட்டிய ஒரு நாளில், படிக்கிற பெண்களே பத்து பேர்தான் வந்திருந்தார்கள். அவள் மட்டும் ஈரச் சேலையோடு வந்து விரல் வைத்துவிட்டுப் போனாள். மையத்து ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த பேட்சில் படித்தவர்கள் பலர் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஒருத்தி திருநின்றவூரில் சொந்தமாகவே பார்லர் வைத்திருக்கிறாள். அதில் எனக்கு அன்றைக்கும் பெருமை, இன்றைக்கும் பெருமை.

போன ஆடி மாதம் எங்களுக்கு ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி வந்தது. பூந்தமல்லி, பாரிவாக்கம் பக்கமெல்லாம் இப்போது வரிசையாகக் குடோன்கள். ஊரார் செல்போனில் ஆர்டர் போடுகிற சாமான்கள் அங்கேதான் அடுக்கிக் கிடக்கின்றன. முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, பெட்டி அடுக்குகளை அப்படியே தூக்கி உயரத்தில் வைக்கிற வண்டிதான் ஃபோர்க்லிஃப்ட். அதை ஓட்டத் தெரிந்தவர்களுக்குக் குடோன்களில் அவ்வளவு தேவை. பெண்களுக்கென்றே ஒரு பேட்ச் வேண்டும் என்று நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. பொம்பளைங்க எங்க மேடம் இதை ஓட்டப் போறாங்க என்று கேட்டவர்களிடமெல்லாம் சண்டை போட்டு வாங்கிய பேட்ச் அது. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், முப்பத்தைந்து முடிந்திருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலையோடு பதிவு முடியும் என்று நோட்டீஸ் ஒட்டினோம்.

திங்கட்கிழமை காலை, நோட்டீஸில் பசை காய்வதற்குள் அவள் வந்து நின்றாள். இளைத்திருந்தாள், எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பாரிவாக்கம் தாண்டி ஒரு குடோனில் இரண்டு வருஷமாகத் தரை துடைக்கிற வேலையில் இருப்பதாகச் சொன்னாள். துடைத்துக்கொண்டே அந்த வண்டிகளைத்தான் பார்த்திருக்கிறாள். எந்த லீவரை இழுத்தால் கை எழும்பும், எந்த லீவரைத் தள்ளினால் சாயும் என்று என் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டையும் ஸ்டேப்ளரையும் வைத்து எனக்கு நடித்துக் காட்டினாள். சர்டிபிகேட் கொண்டுவந்தால் வண்டியில் ஏற்றுகிறேன் என்று குடோன் சூப்பர்வைசர் வாக்குக் கொடுத்திருந்தார். அதே சூப்பர்வைசர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தீபாவளிக்குப் பிறகு தரை துடைக்க மெஷின் வருகிறது, பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் இருந்தால் போதும். அவளுக்கு அடுத்த மாதக் கடைசியில் முப்பத்தைந்து முடிகிறது. இந்த பேட்சை விட்டால் அடுத்த பேட்சில் அவளுக்கு இடமில்லை.

"நாளு பூரா நின்னுகினே கீறேன் அக்கா, ரெண்டு வருசமா. அந்த வண்டில உக்கார சீட்டு கீது" என்றாள்.

எங்கள் டேட்டா என்ட்ரிக்காரர் அவளுடைய ஆதார் எண்ணைத் தட்டினார். நாற்பதைத் தாண்டிய மனிதர், எதற்கும் பதறாதவர். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, எனக்குத் திரை தெரிகிற மாதிரி ஒதுங்கிக்கொண்டார். சிவப்பு எழுத்தில் வந்திருந்தது: பயிற்சி முடித்தவர், பணியில் உள்ளார், மீண்டும் சேர்க்க இயலாது. கீழே விவரம். அழகு நிலைய உதவியாளர், அம்பத்தூர். அதற்குக் கீழே, உறுதி செய்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு நானே தகவல் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டேன். அவள் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். பரவாயில்லை அக்கா என்று படியிறங்கிப் போனாள்.

அன்றைக்கு மதியம் அந்தச் சிவப்பு எழுத்தை மறுபடியும் திறந்து பார்த்தேன். டேட்டா என்ட்ரிக்காரர்தான் வழி சொன்னார். அவளுக்குத் தங்கச்சி இருப்பதாக மூன்று வருஷம் முன்பு குழுப் பட்டியலில் பார்த்த ஞாபகம் அவருக்கு. தங்கச்சி ஆதாரில் இவளைச் சேர்த்துவிடலாம். வகுப்புக்கு இவள் போகட்டும், விரலுக்கு மட்டும் தங்கச்சி வரட்டும். ஆளும் கிடைத்த மாதிரி, யாருக்கும் பிரச்சினையும் இல்லை. கேட்டதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. அந்த லேசானதை நினைத்தால்தான் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் நானே பாரிவாக்கம் போனேன். இன்னொரு அரை நாளை அவளுக்கு இழக்கவைக்க வேண்டாம் என்றுதான். ஷிப்ட் முடிந்து பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவள் என்னைப் பார்த்ததும் சேதி நல்ல சேதி என்று நினைத்துவிட்டாள். முகம் அப்படி மலர்ந்தது. பஸ் ஸ்டாப் அருகில் டீக்கடை இருந்தது. இரண்டு டீ சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சுற்றி வளைத்தேன், பிறகு நேராகவே சொல்லிவிட்டேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி நீ விரல் வச்சதுல உன்னைப் படிச்சவளாக் காட்டிட்டோம், வேலைல சேந்தவளாவும் காட்டிட்டோம், அதனால இப்ப சேக்க முடியல. தங்கச்சி யோசனையையும் சொன்னேன்.

அவள் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். எந்த வேலை என்று கேட்டாள். பியூட்டி பார்லர் என்றேன். அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பினாயிலும் ஆசிடும் பட்டு, விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. சிரித்தாள். என்னால் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியவில்லை.

பிறகு தங்கச்சி விஷயத்துக்கு வந்தாள். "வண்டி ஓட்டறது நானு, சர்டிபிகேட்டு அவ பேர்ல. ஒரு நாளு பொட்டி சரிஞ்சி யார் மேலயாவது வுயுந்துச்சின்னா, போலீஸ் யாரை இஸ்துகினு போவும்? என்னியா, அவளையா?"

 மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் அதுவரை நீங்க என்று பேசிக்கொண்டிருந்தவள் நீ என்று பேச ஆரம்பித்தாள்.

"அன்னிக்கி நீ ஊட்டாண்ட வந்து கேட்ட. இன்னா ஏதுன்னு கேக்காம வெரல வச்சேன். இப்ப நான் கேக்கறேன் அக்கா."

அவள் பஸ் வந்தது, போய்விட்டாள். நான் ஆவடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு வந்தது கோபம்தான். உண்மையைச் சொல்வதென்றால் அவள்மேல்தான் கோபம். இத்தனை பேருக்கு நல்லது செய்திருக்கிறேன், ஒரு தடவை உதவி கேட்டதற்கு இப்படி நடுரோட்டில் வைத்துக் கணக்குத் தீர்க்கிறாளே என்று. பருத்திப்பட்டு வரைக்கும் அந்தக் கோபம் தாங்கியது. அதற்குமேல் தாங்கவில்லை.

அவள் ஏன் அன்றைக்குக் கேட்கவில்லை என்று யோசித்தேன். எங்கள் குடும்பம் திருமுல்லைவாயிலில் நாலைந்து தலைமுறையாக இருப்பது. அப்பா காலம் வரை நிலம் இருந்தது. அவளுடைய அம்மா எங்களைப் போன்றவர்களின் வயலில் நாற்று நட்டவர் என்று குழுக் கூட்டத்தில் ஒரு தடவை அவளே பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். நிலமெல்லாம் பிளாட்டாகி, நானும் ஒப்பந்தக் கூலி, அவளும் ஒப்பந்தக் கூலி என்று ஆகிவிட்டது. ஆனாலும் பேட்ச் நிரப்ப ஆள் வேண்டும் என்றால் எந்த வீட்டு வாசலுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் தெருவில் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்களிடம் நான் ஒரு தடவையும் ஆதார் கேட்டதில்லை. அவர்கள் எதற்கு என்று கேட்பார்கள். கேட்காதவர்கள் யார் என்று பார்த்துத்தான் கேட்டிருக்கிறேன். இதைப் பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த பஸ்ஸில்தான் நினைத்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன், பக்கத்தில் இருந்த அம்மா தலைவலித் தைலம் கொடுத்தார்.

புதன்கிழமை காலை கடிதம் எழுதினேன். அவள் அந்தப் பயிற்சியில் படிக்கவில்லை, வேலைக்கும் போகவில்லை, நான் விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டேன், எனவே அந்தப் பதிவை நீக்க வேண்டும். நாலு வரிதான். நாலு வரிக்கு ஆறு தாளைக் கிழித்தேன். டேட்டா என்ட்ரிக்காரர் படித்துவிட்டு, மேடம், ஏப்ரல் வருது என்று மட்டும் சொன்னார். வருவது எனக்கும் தெரியும்.

எங்கள் அதிகாரி ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தவர், குரலை உயர்த்தாதவர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை அனுப்பினால் மேலேயிருந்து உங்களிடம் விளக்கம் கேட்பார்கள், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமலும் விடலாம் என்றார். தெரியும் சார் என்றேன். வேறு வழியே இல்லையா என்றார். இல்லை என்றேன். பேனாவை எடுத்தவர், கையெழுத்துப் போடும் முன் என் முகத்தைப் பார்த்தார்.

"இந்த மாதிரி இது ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணுதான் சார்" என்றேன்.

அவர் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தார். எனக்கும் அதுதான் வாயில் தயாராக இருந்தது. ஒரு உண்மையை எழுதிக்கொண்டு போய் அதைக் காப்பாற்ற ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை முழுக்க ஒன்றும் அசையவில்லை. மேலிடத்துக்குப் போன் செய்தேன். கடிதம் வந்திருக்கிறது, பிரிவு அலுவலர் லீவ் என்றார்கள். வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் செய்தேன், மதியமும் செய்தேன். எதிர்முனையில் இருந்த பெண் என் குரலைக் கேட்டாலே பெருமூச்சு விடும் நிலைக்கு வந்துவிட்டாள். சேர வந்தவளோ எங்கள் அறையின் பெஞ்சில் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தாள். முழு நாள் லீவ்.  மூன்று மணிக்கு இரண்டு பேருக்குமாக டீ வந்தது. நாலரைக்கு டேட்டா என்ட்ரிக்காரர் தொண்டையைக் கனைத்தார். சிவப்பு எழுத்து போயிருந்தது. அவள் ஆதார் எண்ணுக்கு நேராக ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக இருந்தது. அன்றைக்கு முழுக்க நான் பார்த்த அழகான திரை அதுதான். பதிவு மூடுவதற்கு இருபது நிமிஷம் இருக்கும்போது அவளைச் சேர்த்தோம். ரசீதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, வரேன் அக்கா என்று போனாள்.

அந்த பேட்சில் ஒரு இடம் மட்டும் பதிவு மூடுகிற வரை நிரம்பவில்லை. இருபத்தொன்பதில் நின்றது. நான் யார் வீட்டு வாசலுக்கும் போகவில்லை. மூன்று நாள் கால அவகாசம் கேட்டு வாங்கி, மைக் கட்டிக்கொண்டு மறுபடியும் தெருத்தெருவாகப் போய், பெட்ரோல் பங்க்கில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பிடித்துச் சேர்த்தேன். முப்பதும் படிக்கிற முப்பது. இதற்காக யாரும் எனக்கு மாலை போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை.

அவள் முதல் தேர்வில் தோற்றாள். பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து மறுதேர்வில் தேறினாள். தீபாவளிக்குப் பிறகு அந்தக் குடோனில் துடைக்கிற மெஷினும் வந்தது, ஒன்பது பேர் வீட்டுக்குப் போனார்கள், அவள் வண்டியில் ஏறினாள். வேலையில் சேர்ந்தவர்களை நேரில் போய்ப் பார்ப்பது என்று இப்போது ஒரு புதுப் பழக்கம் வைத்திருக்கிறேன். போய்ப் பார்த்தேன். மஞ்சள் ஹெல்மெட்டோடு, ஒரு ஆள் உயரத்துக்கு மேல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நேராக வந்தாள். என்னைப் பார்த்தும் சிரிக்கவில்லை, கவனம் முழுக்க வண்டியில் இருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. பதிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏப்ரலில் என்ன ஆகும் என்று இதை எழுதுகிறபோது தெரியாது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, அலுவலகத்தில் கூட்டம் இல்லாத நேரத்தில், அவள் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை கூடவே ஒருவரை அழைத்துவந்திருந்தாள். நாற்பதைத் தொடுகிற வயது இருக்கும். நரை தெரிய ஆரம்பித்த தலை, கழுத்தில் இஞ்ச் டேப்பைத் தொங்கவிட்டபடியே கிளம்பி வந்திருந்தார். அவர்களுடைய குழுவிலேயே இருப்பவராம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தையல் பயிற்சிக்கு நான் கேட்டு, பேட்ச் நிரப்ப விரல் வைத்தவராம். எனக்கு முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. அப்படி எத்தனை முகங்கள் என்றும் எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாவுக்கு எந்தப் பயிற்சியிலும் சேருகிற வயது தாண்டிவிட்டது. அது அவருக்கே தெரியும். வேலை கேட்டு வரவில்லை, ஒரு விஷயம் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றார். தன் பேரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னேன். டேட்டா என்ட்ரிக்காரர் அன்று வரவில்லை, நானே எண்ணைத் தட்டினேன். தையல் இயந்திரம் இயக்குபவர் என்று வந்தது. அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. உறுதி செய்தவர், நான். எல்லாவற்றையும் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"என் பேர்ல யாரு அக்கா அங்க போனது?"

"யாரும் போகலம்மா. போனதா நான் எழுதினேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அங்க ஆள் வோணும்னு கேக்கவே இல்லியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வருஷம் அந்தக் கம்பெனி உண்மையாகவே ஆள் தேடிக்கொண்டிருந்தது. பாதி மெஷின்கள் சும்மா கிடக்கின்றன, பயிற்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மிதிக்கத் தெரிந்தால் போதும் என்று அங்கிருந்து ஒரு அம்மா எனக்கு இரண்டு தடவை போன் செய்தார். அனுப்புகிறேன், முதலில் கடிதம் கொடுங்கள் என்றேன். நம்பிக் கொடுத்தார். கடிதம் கைக்கு வந்ததும் எனக்கு அந்த வேலை முடிந்துவிட்டது.

"கேட்டாங்கம்மா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கழுத்திலிருந்த டேப்பை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா நானே போயிருப்பேன் இல்லக்கா" என்றார்.